என் பாட்டு நிறுத்திய ரயில்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் ஆண்டு மலருக்கு 'மருத்துவமும் கவிதையும்' என்று தலைப்புக் கொடுத்து என்னை எழுதச் சொன்னீர்கள். இரண்டிலும் கால் வைத்தவன், ஏதாவது இனிப்பாகச் சொல்வான் என்று நினைத்திருப்பீர்கள். கேட்ட பாவத்துக்கு இதைப் படியுங்கள். படித்துவிட்டு மலரில் போடாமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நிறைய கசப்பு மருந்து எழுதிக்கொடுத்த கை இது. வயதான பிறகு சர்க்கரை தடவ எங்கே கற்றுக்கொள்வது?

கவிதை முதலில் என்னைச் சிரிக்கத்தான் வைத்தது. சித்தூரில் சின்ன டாக்டராக இருந்தபோது, ஒரு பெரியவரின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கையில் மனதில் ஒரு வரி ஓடியது. மறந்துவிடுமே என்று கையில் இருந்த சீட்டில் கிறுக்கினேன். பெரியவர் அதை எடுத்துக்கொண்டு நேரே மருந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். கம்பவுண்டர் சீட்டோடு என்னிடம் வந்தார். "சார், 'கரையாத நிலவு'ன்னு ஒண்ணு எழுதிக்கீறீங்க. நம்மகிட்ட ஸ்டாக் இல்ல. மிக்ஸ்சர் குடுத்துடட்டுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஆள் நெஞ்சுல என்ன கேட்டுது, சொல்லு" என்றார். பெரியவரைத் தேடிப் பிடித்து மறுபடி குழாயை வைத்துக் கேட்டேன். ஒரு பக்கம் நீர் கோத்திருந்தது. "எழுது, வேண்டாங்கல. எதிர்ல யார் நிக்கிறாங்கன்னு பாத்துட்டு எழுது" என்று பெரிய டாக்டர் சொன்னார். நெஞ்சைக் கவனமாகக் கேட்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு அன்று ஏறவில்லை.

பிறகு புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பயணி ரயில் நிற்கும், நூறு தறி ஓடும், சுற்றிலும் வேர்க்கடலையும் கரும்பும் போடுவார்கள், அவ்வளவுதான். எலும்பு முறிந்தவர்கள் எங்களை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்; நேராகப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். காய்ச்சல், பேதி, பிரசவம் இவைதான் எங்கள் பங்கு. வயிற்றைத் திறக்கிற வசதி எங்களிடம் கிடையாது. திறக்க வேண்டிய கேஸ் வந்தால் ரயிலேற்றி அனுப்ப வேண்டும்.

எங்கே அனுப்புவது என்பதில்தான் வினை ஆரம்பித்தது. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து எங்கள் ஜில்லா அந்தப் பக்கம் போனதும், பெரிய கேஸ்களைத் திருப்பதிக்கோ சித்தூருக்கோ அனுப்பும்படி உத்தரவு வந்தது. அதுவரை சென்னைக்குத்தான் அனுப்புவோம். எனக்கு அந்த உத்தரவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எல்லை எங்கே விழும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தெருவுக்குத் தெரு கூட்டம், ஊருக்கு ஊர் ஊர்வலம். தமிழ் பேசுகிற ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன், மனதுக்குள். வெளியே நான் அரசாங்க ஊழியன். வாய் திறந்தால் வேலை போய்விடும்.

வாய் திறக்க முடியாதவன் என்ன செய்தேன்? புனைபெயரில் பாட்டு எழுதினேன். திருப்பதியில் அச்சகம் வைத்திருந்த ஒரு நண்பர் என் பாட்டுகளைத் துண்டு நோட்டீஸாக அடித்து ஊர்களுக்கு அனுப்புவார். அவருக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ரயில் மறியலுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று அவர் கேட்டார். ஒரே உட்காரலில் எழுதினேன்.

"தண்டவாளம் எங்கள் மண்ணில் தானே கிடக்குது – அதைத்
தாண்டிப் போக உனக்கு யார் தந்த தாக்கீது?"

இப்படித் தொடங்கும். மட்டமான பாட்டு என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்குப் பற்றிக்கொண்டது. தறிக்குத் தறி அதே பாட்டு. வெளிநோயாளி வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். உள்ளே பெருமை பொங்கும். மறைந்து நின்று கைதட்டல் கேட்பதில் ஒரு போதை உண்டு, தம்பிகளே. அது உங்களுக்கு வராமலே போகட்டும்.

அன்று காலை எட்டரை மணிக்குக் கன்னியப்பன் என்ற நெசவாளி தன் மனைவி அலமேலுவை வண்டியில் கொண்டுவந்தான். இருபத்திரண்டு வயதுப் பெண். வீட்டில் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது, இது இரண்டாவது. முந்தின நாளிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. வயிற்றைத் திறந்து எடுத்தால் தாய் பிழைப்பாள். அன்று மதியத்துக்குள் எடுக்க வேண்டும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

நர்ஸ் சுசீலம்மா கடப்பைப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், நடுவில் தெலுங்கு கலக்கும்; தமிழ் படிக்கத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சார், ஒம்போதே காலு பண்டி ரேணிகுண்டா போறது. திருப்பதிக்கு அனுப்பிடலாம். அங்க ஆபரேசன் செய்ற டாக்டரம்மா உண்டு கதா" என்றார்.

"பத்து மணிக்கு மெட்ராஸ் வண்டி இருக்கு. அதுல அனுப்பலாம். பெரிய ஆஸ்பத்திரி" என்றேன்.

"தூரம் சார்."

"எனக்குத் தெரியும்மா."

சென்னையில் வசதி அதிகம் என்பது பொய்யில்லை. வழியில் அரக்கோணத்தில் தெரிந்த சர்ஜன் ஒருவர் இருந்தார், முடியாவிட்டால் அங்கே இறக்கலாம் என்பதும் பொய்யில்லை. காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில், என் தமிழ்ப் பெண்ணை நான் அந்தப் பக்கம் அனுப்புவதா என்ற வீம்பு உட்கார்ந்திருந்தது. இதை அன்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க கூட்டிகினு போவச் சொன்னாலும் போறேன், சாமி. நீங்க சொல்றதுதான்" என்றான். ஒன்பதே கால் வண்டி வந்து, நின்று, போனது. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரக்கோணத்துச் சர்ஜனுக்குத் தந்தி கொடுக்கச் செய்தேன். பத்து மணி வண்டியில் அலமேலுவைப் படுக்கவைத்து, கன்னியப்பனையும் சுசீலம்மாவையும் கூட ஏற்றிவிட்டு, நான் பிளாட்பாரத்தில் நின்றேன். வண்டி கிளம்பி, கண்ணுக்கெட்டும் தூரம் போய், நின்றது. விசில் கொடுத்தது. மறுபடி விசில் கொடுத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, "ரயில் கேட்டாண்ட உக்காந்துட்டாங்க சார். மறியல்" என்றார்.

மறியல் வரும் என்று எனக்குத் தெரியும். எந்த நாள் என்று மட்டும் தெரியாது. ஓடினேன்.

லெவல் கிராஸிங்கில் இருநூறு பேர் இருப்பார்கள். தண்டவாளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ரயில் அரை மைல் பின்னாலேயே நின்றுவிட்டது. நடுவில் போலீஸ் வரிசை. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். "நான் என்ன செய்றது டாக்டர்? அடிச்சு விரட்ட ஆர்டர் இல்ல. நீங்களே கேட்டுப் பாருங்க" என்று கூட்டத்தின் முன்னால் அவரே கூட்டிக்கொண்டு போனார். அதுவே கேடாக முடிந்தது. போலீஸோடு வந்தவனை யார் நம்புவார்கள்?

கூட்டத்துக்குத் தலைவர் ஏகாம்பரம். தறி வைத்திருப்பவர், ஊர்ப் படிப்பகத்தை நடத்துபவர். கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"போன வாரம் நகரியாண்ட இதே மாரிதான், டாக்டரே. ஒடம்பு சரியில்லாத ஆளு உள்ள கீறாருன்னாங்க. நாங்க எழுந்து வழி உட்டோம். அப்பால பாத்தா ஒருத்தனும் இல்ல. எழுந்தவங்கள அப்டியே புடிச்சிகினு போனாங்க. நைனா வயசு ஆளுங்களக்கூட உடல" என்றார்.

"வந்து நீங்களே பாருங்க, ஏகாம்பரம். நம்ம கன்னியப்பன் பொண்டாட்டி."

"போலீசத் தாண்டி வரச் சொல்றீங்க. நல்லா கீதே."

"சத்தியமா சொல்றேன்."

"நீங்க கவர்மெண்டு ஆளு. ஒங்க சத்தியத்த இன்னா பண்றது? இந்தப் பாட்ட எழுதுன மகராசன் வந்து எழுந்திருன்னு சொல்லட்டும், எழுந்துக்கினு போயிடறோம். அவரு ஒருத்தரு சொன்னா போதும். வேற எவன் சொன்னாலும் நவர மாட்டோம்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. சப் இன்ஸ்பெக்டர் எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அந்தப் பாட்டை எழுதியவன் யார் என்று போலீஸும் தேடிக்கொண்டிருந்தது, ஒரு மாதத்துக்கு முன்னால் என்னிடமே வந்து, "ஊர்ல யாராவது வாத்தியாரா இருக்குமா டாக்டர்?" என்று விசாரித்துவிட்டுப் போனவர் அவர். அப்போது மணி பத்து இருபது.

நாலே வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. நான்தான் அதை எழுதினேன் ஐயா என்று. சொல்லவில்லை.

என்ன நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலை போகும், ஜெயில் வரலாம், மனைவி இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள் என்று நினைத்தேன். வேறு வழி இருக்கும் என்று நினைத்தேன். வேறு வழி தேடிப் போனேன். இதைத்தான் நன்றாகக் கவனியுங்கள். பயந்தவன் சும்மா நிற்க மாட்டான். மும்முரமாக ஏதாவது செய்துகொண்டிருப்பான். ரயிலைப் பின்னால் எடுக்க முடியுமா என்று கார்டிடம் கேட்டேன். உத்தரவு வேண்டும் என்றார். கன்னியப்பனையே கூட்டி வந்து சொல்லவைக்கலாமா என்றதற்கு, ரயிலில் இருப்பவர்களைக் கூட்டத்துப் பக்கம் விட முடியாது என்றார் சப் இன்ஸ்பெக்டர். போலீஸ் ஜீப் புத்தூருக்குப் போயிருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றினால் அந்தப் பாதையில் ஒரு மைல் தாங்க மாட்டாள். இதையெல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் எனக்கு முன்பே தெரியும்.

பெட்டியில் ஏறிப் பார்த்தேன். அலமேலுவின் முகம் வெளுத்திருந்தது. வலிக்கு நடுவில் கொஞ்சம் ஓய்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பாட்டு கேட்டது.

"எங்க வூட்டுக்காரு தறில உக்காந்துகினு இதான் பாடுவாரு" என்றாள். "நல்லா கீது, இல்ல?"

கன்னியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம்தான். உட்டுடுவாங்க. நம்ம ஜனங்கதானே" என்றான்.

சுசீலம்மா என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க சீட்டு பின்னால எழுதிட்டு பாடிப் பாத்துக்கறது இதே பாட்டுதான கதா? எனக்குப் படிக்கத் தெரியாது. காது உண்டு" என்றார்.

நான் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"போய்ச் சொல்லுங்க சார். உத்தியோகம் போனா இன்னொண்ணு வரும்."

அப்போதாவது ஓடினேனா? நடந்தேன். அரை மைல் தூரத்தையும் நடந்தேன். கேட் அருகே போய், யாராவது தாங்களாகவே மனம் மாறியிருக்க மாட்டார்களா என்று இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகுதான் சொன்னேன். மணி பதினொன்று.

முதலில் சிரித்தார்கள். "அவரு ஒன்னப்போல வாயில்லாதவரா?" என்று ஒருவன் கத்தினான். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து. அச்சடித்த பிறகு மூலத்தாளை நண்பர் நோட்டீஸ் கட்டோடு அவருக்கு அனுப்பியிருக்கிறார். இவர் அதைத் தாயத்துப் போலப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். "எழுது" என்று பென்சிலைக் கொடுத்தார். முதல் வரியை எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எழுந்திருங்கடா" என்றார். இருநூறு பேரும் எழுந்தார்கள். சிலர் என்னைக் கும்பிட்டார்கள். ஒரு நிமிடத்தில் பாதை காலியாகிவிட்டது. ஒரே நிமிடம்தான் ஆனது.

நானும் ரயிலில் ஏறிக்கொண்டேன். திருத்தணி தாண்டியதும் வயிற்றுக்குள் கருப்பை கிழிந்துவிட்டது. செய்ய முடிந்ததைச் செய்தோம். அரக்கோணம் கண்ணில் படும் நேரத்தில் அலமேலு இறந்துபோனாள். குழந்தையும் இல்லை. தந்தியைப் பார்த்துவிட்டு அந்தச் சர்ஜன் பிளாட்பாரத்துக்கே ஸ்ட்ரெச்சரோடு வந்திருந்தார். அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் ரெடியா வச்சிருந்தேன். ஒரு அரை மணி முன்னால வந்திருக்கக் கூடாதா?" என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆற்றாமையில் சொன்னார். எனக்கு அது தீர்ப்பாக விழுந்தது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

என்மேல் நடவடிக்கை வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. சப் இன்ஸ்பெக்டர் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்து, "நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன் டாக்டர். எதுவும் காதுல விழல" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வேலைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது எனக்குப் பத்திரமாகக் கிடைத்தது. பதவி உயர்வு வந்தது. பென்ஷன் வாங்குகிறேன்.

எல்லைத் தகராறும் ஒரு வழியாகத் தீர்ந்தது. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. அந்தப் பாட்டுக்காக எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்த வேண்டும் என்று சிலர் வந்தார்கள். வாசலிலேயே அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஒரு வரியும் எழுதவில்லை. தியாகம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பேனாவை எடுத்தால் அந்த நாற்பது நிமிடம்தான் வந்தது, அதை எழுதத் தைரியம் இல்லை. ரயில் மறித்தவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர்களுக்கு உண்மை தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உங்களுக்குப் பாடம் வேண்டுமென்றால், இதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும்போது, நீங்கள் சொல்கிற காரணத்துக்கு அடியில் வேறு என்ன இருக்கிறது என்று கிளறிப் பாருங்கள். நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள். இதையெல்லாம் செய்தாலும், வேளை வரும்போது வாய் திறக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எனக்குத் திறக்கவில்லை. அதற்கு மருந்து இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை.

சுசீலம்மா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்கூட. மாற்றலாகிப் போகும்வரை கடமைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கன்னியப்பன் பத்து வருடத்துக்கு முன்னால் காலமானான் என்று கேள்விப்பட்டேன். அவன் உயிரோடு இருந்தவரை இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

அலமேலு போய் இரண்டு மாதம் இருக்கும். கன்னியப்பன் தன் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குழந்தைக்குக் காய்ச்சல். பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை. சீட்டு எழுத உட்கார்ந்தபோது அவன் குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் குனிந்து என் காலைத் தொட்டான்.

"ஏகாம்பரம் சொன்னாரு, சாமி. போலீசு பக்கத்துலயே நின்னுகினு இருந்துதாம். வேல பூடும்னு தெரிஞ்சும் எங்களுக்கோசரம் நாந்தான்னு சொன்னீங்களாமே. எங்க வூட்ல ஒருத்தரு இருந்தாக்கூட அப்டிச் செஞ்சிருக்க மாட்டாங்க. அவ குடுத்து வெக்கல. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

பெட்டிக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கேட் அருகே நடந்தது தெரியாது. நான் எப்போது சொன்னேன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சுசீலம்மா ஊசி கொதிக்கவைக்கும் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

நான் சீட்டை அவன் கையில் கொடுத்து, "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். காய்ச்சல் விடலைன்னா கூட்டிட்டு வா" என்றேன்.